கண்ணில் படாத பலகையும் வீடு தேடி வரும் அபராதமும்: நகர வேகவரம்பு குறித்த விவாத இழை

நெடுவழி எழுதியது:

மணிக்கு 40 கி.மீ. வரம்புள்ள சாலையில் 58 கி.மீ. வேகத்தில் சென்றதாக எனக்கு ஓர் அபராத அறிவிப்பு வந்திருக்கிறது. நாள், நேரம், வண்டியின் படம் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. நான் அந்த வேகத்தில் போகவில்லை என்று சாதிப்பதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. அந்தச் சாலைக்கு 40 என்றொரு வரம்பு இருப்பதே அறிவிப்பைப் பிரித்துப் படித்தபோதுதான் எனக்குத் தெரிய வந்தது. நான் ஒரு குறுக்குத் தெருவிலிருந்து அதில் ஏறினேன். நடுவில் திட்டு, இருபுறமும் இரண்டிரண்டு தடங்கள், வளைவில்லாத போக்கு, சாலையைப் பார்த்து வாசல் வைத்த கட்டடம் ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்ட சாலையில் எந்த ஓட்டுநரின் காலும் தானாகவே 60-ஐ நோக்கி அழுத்தும். பலகை எங்கோ இருந்திருக்கலாம். நான் ஏறிய இடத்திலிருந்து கேமரா வரைக்கும் அது என் கண்ணில் படவில்லை.

சட்டம் தெரியாது என்பது சாக்காகாது என்ற பதில் வரும் என்று அறிவேன். ஆனால் ஒரு சாலையின் வேகவரம்பு, திருடக் கூடாது என்பதைப் போல மனச்சாட்சியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய விதியன்று. அது ஓர் எண். அந்த எண்ணை யாராவது எனக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லும் பொறுப்பை அரைகுறையாக நிறைவேற்றிவிட்டு, மீறியதற்கான தண்டனையை மட்டும் இயந்திரத் துல்லியத்தோடு வசூலிப்பது முறையா என்பதே என் கேள்வி.

அலகுகோல் எழுதியது:

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. நீங்கள் குற்றவாளியா என்பது ஒன்று. நீங்கள் போன வேகம் ஆபத்தானதா என்பது மற்றொன்று. முதலாவதைப் பலகை தீர்மானிக்கலாம். இரண்டாவதற்கும் பலகைக்கும் தொடர்பே இல்லை.

உங்கள் எண்களையே வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். தடையைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகும் என்றும், உலர்ந்த சாலையில் வண்டியின் வேகம் விநாடிக்கு விநாடி 7 மீட்டர் என்ற வீதத்தில் குறையும் என்றும் வைத்துக்கொள்வோம். 40 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஏறத்தாழ 20 மீட்டரில் முழுமையாக நின்றுவிடும். 58 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்பதற்கு ஏறத்தாழ 35 மீட்டர் வேண்டும். இந்தப் 15 மீட்டர் வித்தியாசத்தைப் பலரும் சிறியதாக நினைக்கிறார்கள். முதல் கார் அசையாமல் நின்றுவிட்ட அதே 20 மீட்டர்ப் புள்ளியில் உங்கள் கார் என்ன வேகத்தில் இருந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்: சுமார் 52 கி.மீ. ஏனெனில் முதல் 16 மீட்டரை நீங்கள் பிரேக்கைத் தொடாமலே கடந்திருப்பீர்கள். மோதலில் வெளிப்படும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 40-க்கும் 58-க்கும் இடையில் அது இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது.

சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துகளின் அபாயம் சுமார் 4 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதன் அடிப்படையும் இந்த இயற்பியல்தான். பலகையைக் கிளை மறைத்திருந்தது என்பதற்காக இந்தக் கணக்கு ஒரு மீட்டர்கூட மாறாது.

நடைப்பயணி எழுதியது:

எனக்கு வாகனம் இல்லை. இந்த இழையில் சாலையை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. நெடுவழி அவர்கள் சொல்லும் சாலையில் இரண்டு தடங்களைக் கடக்க ஏறக்குறைய 7 மீட்டர் நடக்க வேண்டும். விநாடிக்கு 1.2 மீட்டர் என்ற இயல்பான நடைவேகத்தில் அதற்கு ஆறு விநாடி ஆகும். 40-இல் வரும் வண்டி அந்த நேரத்தில் 65 மீட்டர் தூரம் வரும், 58-இல் வருவது 94 மீட்டர் வரும். தொலைவில் தெரியும் வண்டி இவற்றில் எந்த வகை என்பதை நான் அதன் முகப்பைப் பார்த்தே ஊகிக்க வேண்டும். குழந்தைகளாலும் பார்வை மங்கியவர்களாலும் அந்த ஊகத்தைச் செய்யவே முடியாது. வரம்பு என்பது ஓட்டுநருக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு மட்டுமல்ல, எனக்குத் தரப்பட்ட ஒரு வாக்குறுதியும்கூட. வருகிற வண்டி இன்ன வேகத்துக்கு மேல் வராது என்று நம்பித்தான் நான் காலை எடுத்து வைக்கிறேன்.

தெருவிளக்கு எழுதியது:

சாலைப் பலகைகளை எங்கே நடுவது என்று வரைபடத்தில் குறிக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில் சில விவரங்கள்.

வேகவரம்பை ஓட்டுநருக்குத் தெரிவிக்க உலகில் ஒரே வழிதான் என்றில்லை. 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைக்குறி உடன்படிக்கை, சிவப்பு விளிம்புள்ள வட்டப் பலகையை நிலைநிறுத்தியதோடு, தடைப் பலகையின் ஆணை எதுவரை செல்லும் என்பதையும் வகுத்தது. வேறு பலகை வந்து மாற்றும்வரை, இல்லாவிட்டால் அடுத்த சந்திப்புவரை அது செல்லும். சந்திப்புக்கு அப்பாலும் தொடர வேண்டுமானால் மீண்டும் நட வேண்டும். குறுக்குத் தெருவிலிருந்து ஏறுபவர் முந்தைய பலகையைப் பார்த்திருக்க மாட்டார் என்ற எளிய உண்மையை அந்த விதி ஒப்புக்கொள்கிறது. பிரிட்டன் நேர்மாறான வழியில் போனது. கட்டடங்கள் நிறைந்த பகுதிகளுக்கு மணிக்கு 30 மைல் என்பது 1935-இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் தெருவிளக்குகள் 183 மீட்டருக்கு மேற்படாத இடைவெளியில் நின்றால், வேறு பலகை இல்லாதவரை, அந்த விளக்குக் கம்பங்களே வரம்பின் அறிவிப்பு. என் புனைபெயருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்காதீர்கள்.

என்னைக் கேட்டால் இவை இரண்டையும்விடத் தெளிவானது ஸ்பெயின் 2021 மே மாதம் கொண்டுவந்த விதி. நகரச் சாலையில் ஒரு திசைக்கு ஒரு தடம் மட்டும் இருந்தால் 30, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 50, நடைபாதையும் வண்டிப்பாதையும் ஒரே மட்டத்தில் இருந்தால் 20. ஓட்டுநர் தேட வேண்டியது பலகையை அல்ல, கண்முன்னே விரிந்து கிடக்கும் சாலையை. விதிவிலக்குகளுக்கு மட்டும் பலகை நட்டால் போதும்.

பலகையை நட்டுவிட்டால் எல்லோரும் படித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கைக்கும் அளவு உண்டு. 1966-இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வில் ஓட்டுநர்களை நிறுத்தி, சற்றுமுன் கடந்த பலகை எது என்று கேட்டார்கள். வேகவரம்புப் பலகையை நினைவில் வைத்திருந்தவர்கள் 78 சதவீதம். பாதசாரிக் கடப்பை அறிவித்த பலகையை நினைவு வைத்திருந்தவர்கள் வெறும் 17 சதவீதம். தனக்கு நேரடியாக விளைவு உண்டாக்கும் பலகையைத்தான் மனம் பிடித்துக்கொள்கிறது. அப்படிப் பிடித்துக்கொள்ளும் பலகையிலும் ஐவரில் ஒருவருக்கு மேல் தவறவிட்டிருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

எழுத்தின் உயரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 25 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 9 மீட்டர் தொலைவு என்பது அமெரிக்காவில் புழங்கும் தோராய அளவு. 150 மில்லிமீட்டர் உயரமுள்ள எண்ணை 54 மீட்டரிலிருந்து படிக்கலாம், 60 கி.மீ. வேகத்தில் அதற்குக் கிடைப்பது மூன்று விநாடிக்குச் சற்று மேல். ஒரு கிளையோ, ஓரம் கட்டிய லாரியோ அந்த மூன்று விநாடியை எளிதாக விழுங்கிவிடும். ஆகவே நெடுவழி அவர்கள் சொல்வது நடக்காத கதை அல்ல.

ஐயவாதி எழுதியது:

பலகையைப் பற்றி எல்லோரும் அக்கறையோடு பேசுகிறீர்கள். கேமராவை யார் எங்கே, எதற்காக வைக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. விபத்து நடக்கும் குறுகலான சந்திப்பில் அதை வைப்பதில்லை. அகன்ற நேர்ச்சாலையில், வரம்பு சட்டென்று குறையும் இடத்துக்கு அருகில், மக்கள் தவறுவார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் வைக்கிறார்கள். மீறல் குறைந்தால் வருமானமும் குறையும் என்னும்போது, மீறலைக் குறைக்க நிர்வாகத்துக்கு என்ன ஊக்கம் இருக்கும்?

அடுத்தது பலன். கேமராவைக் கண்டதும் பிரேக்கை மிதித்து, கடந்ததும் முன்னைவிட வேகமாகப் பாயும் ஓட்டத்தை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். போதாக்குறைக்கு ஒரு புள்ளியியல் மாயமும் இருக்கிறது. ஓர் ஆண்டு விபத்துகள் தற்செயலாகக் கூடிய இடத்தில் கேமராவை நட்டால், அடுத்த ஆண்டு எண்ணிக்கை வழக்கமான அளவுக்குத் தானே திரும்பும். அந்தப் பெருமை முழுவதும் கேமராவின் கணக்கில் ஏறிவிடும். நாள்தோறும் ஓட்டும் மக்களில் பெரும்பாலோர் ஒரு வேகத்தில் பாதுகாப்பாகப் போகிறார்கள் என்றால் அதுவே அந்தச் சாலையின் இயல்பான வேகம். பொறியாளர்களே நூற்றில் 85 பேர் எந்த வேகத்துக்குள் ஓட்டுகிறார்கள் என்று அளந்துதானே வரம்பு வைத்து வந்தார்கள்?

அலகுகோல் எழுதியது:

புள்ளியியல் மாயம் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதைக் கழிக்காத ஆய்வுகள் பலனை மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் அதைக் காட்டி எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது. 2010-இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து எடைபோடும் அறிக்கை, 35 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. அவற்றின் தரம் அப்படியொன்றும் உயர்வானதல்ல என்று அதுவே ஒப்புக்கொண்டது. ஆயினும் கேமராக்களுக்கு அருகில் மரணமும் கடுங்காயமும் விளைவித்த விபத்துகள் 11 முதல் 44 சதவீதம்வரை குறைந்திருந்ததாகப் பதிவு செய்தது. இடைவெளி அகலமானதுதான், ஆனாலும் திசை ஒன்றுதான். பிரேக் பிடித்துப் பாய்வதற்கு மாற்றும் இருக்கிறது. இரண்டு புள்ளிகளில் வண்டி எண்ணைப் பதிந்து, இடைப்பட்ட தூரத்தை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுக்கும் சராசரி வேகக் கண்காணிப்பில் அந்தத் தந்திரம் செல்லாது. குறுக்குத் தெருக்கள் நிறைந்த நகரில் அதை எல்லா இடத்திலும் பொருத்த முடியாது என்பது வேறு விஷயம்.

85 சதவீத முறை ஒரு வட்டம். சாலையை அகலமாகக் கட்டுகிறோம், மக்கள் வேகமாக ஓட்டுகிறார்கள், அந்த வேகத்தை அளந்து வரம்பை உயர்த்துகிறோம், அடுத்த அளவீட்டில் அது இன்னும் ஏறுகிறது. சாலையைக் கடப்பவரின் கருத்து அந்த அளவீட்டில் எங்கும் பதிவாவதில்லை. அமெரிக்காவின் சாலைக்குறிக் கையேடே 2023 டிசம்பரில் வந்த பதிப்பில் அந்த எண்ணுக்கு முன்பு தந்த முதன்மையைக் குறைத்துவிட்டது.

கருவியின் துல்லியம் குறித்து யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன ஒழுங்குமுறைப்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக் கூடாது; கூடுதலாகக் காட்டலாம். ஆகவே அதைப் பின்பற்றும் வண்டியில் முள் 50-ஐத் தொடும்போது உண்மை வேகம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. அதற்கு மேல் ஜெர்மனியில் கேமராவின் அளவீடு 100 கி.மீ.க்குக் கீழே இருந்தால் அதில் 3 கி.மீ. கழிக்கிறார்கள். சாலையோரம் நிலையாக நிற்கும் ரேடார் வண்டியைச் சாய்வாகப் பார்ப்பதால் வரும் கோணப் பிழையும், கருவி அதைத் திருத்தாமல் விடும் அளவுக்கு, ஓட்டுநருக்கே சாதகமாக விழுகிறது. 58 என்று ஒரு பதிவு வந்தால், ‘நான் 42-இல்தான் போனேன்’ என்று வாதிட இடமில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேகத்தைப் பிடிக்கும் கருவிகளின் முன்னோடிகளில் ஒருவரான மாரிஸ் கட்சோனிடஸ் 1953-இல் மான்டே கார்லோ ராலி கார்ப் பந்தயத்தை வென்ற டச்சு ஓட்டுநர். வளைவுகளில் தன் வேகத்தை இன்னும் கூட்ட முடியுமா என்று அளந்து பார்க்கத்தான் அவர் கருவியைச் செய்தார்.

இரவுப்பேருந்து எழுதியது:

நான் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். இரண்டு கி.மீ. தூரத்துக்குள் 50, 40, 30, மறுபடி 50 என்று மாறும் ஒரு வழித்தடம் எனக்கு உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் இருக்கலாம். ஓட்டுகிறவனுக்கு அது தெரியாது. பலகையைத் தேடுவதா, நிறுத்தத்தில் கை காட்டுபவரைப் பார்ப்பதா, இடப்புறம் நுழையும் இரு சக்கர வாகனத்தைப் பார்ப்பதா? மாற்றங்கள் கூடக் கூட, கண் சாலையை விட்டு வேகமானிக்கும் கம்பங்களுக்கும் அலைகிறது.

இன்னொன்று. வரம்பைக் குறைத்தவர்கள் கால அட்டவணையைத் தொடவில்லை. சட்டப்படி ஓட்டினால் தாமதம், அட்டவணைப்படி ஓட்டினால் அபராதம். வரம்பு குறைவதால் உண்மையில் இழக்கும் நேரம் மிகக் குறைவு என்பது என் அனுபவம், ஏனென்றால் நகரில் நேரத்தைத் தின்பவை சிக்னல்களும் நிறுத்தங்களும்தான். ஆனால் அந்தக் குறைந்த நேரத்தையும் யாராவது அட்டவணையில் எழுதித் தர வேண்டுமல்லவா? நான் 40-இல் போகும்போது பின்னால் ஒலிக்கும் ஹாரன்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த இழை போதாது.

தெருவிளக்கு எழுதியது:

இரவுப்பேருந்து அவர்கள் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. அகன்ற சாலையில் 40 என்று எழுதுவது, சாய்வான தரையில் உருண்டையை வைத்து ‘உருளாதே’ என்று சீட்டு ஒட்டுவது போன்றது. நெதர்லாந்தில் 1990-களிலிருந்து ‘தன்னைத் தானே விளக்கும் சாலை’ என்ற கோட்பாட்டில் பணி நடக்கிறது. தடத்தின் அகலம், தரையின் நிறம், சந்திப்பின் உயர்ந்த மேடை, ஓரத்து மரங்கள் ஆகியவை சேர்ந்து ஓட்டுநரின் காலை மெதுவாக்கும். பலகை அதை உறுதிப்படுத்த மட்டுமே நிற்கும். வேகத்தடை அந்தக் குடும்பத்தின் முரட்டுப் பிள்ளை. ஆம்புலன்ஸுக்கும் இரவுப்பேருந்தின் முதுகுக்கும் அது இழைக்கும் தீங்கை நான் மறுக்கவில்லை.

ஆனால் சாலையை மாற்றிக் கட்டும்வரை வரம்பைத் தொடக் கூடாது என்று சொன்னால் அதற்கும் உடன்பட மாட்டேன். வேல்ஸ் 2023 செப்டம்பரில் கட்டடப் பகுதிகளின் பொது வரம்பை 30 மைலிலிருந்து 20 மைலுக்கு, அதாவது சுமார் 32 கி.மீ.க்கு, ஒரே நாளில் இறக்கியது. பெரும்பாலான தெருக்களில் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்கவில்லை. எதிர்ப்பு மனுவில் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். சராசரி வேகம் சில மைல்களே குறைந்தது. பெரும்பாலோர் 20-க்குள் வரவே இல்லை. அப்படியும் அவ்வகைச் சாலைகளில் காயமும் மரணமும் அடைந்தோரின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. அதே நேரத்தில், சில முதன்மைச் சாலைகளை மீண்டும் 30-க்கு உயர்த்த உள்ளாட்சிகளுக்கு வழிவிட வேண்டியும் வந்தது. மக்கள் கோபப்பட்டதில் ஒரு பகுதி, வரம்பு பொருந்தாத சாலைகளைக் குறித்து நியாயமாகவே இருந்தது என்பதற்கு அது ஒப்புதல்.

ஐயவாதி அவர்களின் வருமானக் கேள்விக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. கேமராவுக்கு முன்னால் அறிவிப்பு வைக்கும் ஸ்வீடனின் வழக்கம் எனக்குப் பிடித்தமானது. பிடிப்பதற்கல்ல, மெதுவாக்குவதற்கே அது நிற்கிறது என்று சொல்லாமல் சொல்கிறது. பின்லாந்தில் வரம்பை 20 கி.மீ.க்கு மேல் மீறினால் அபராதம் வருமானத்தைப் பொறுத்து ஏறும். அங்கே பணக்காரருக்கு அபராதம் என்பது வேகமாகப் போக வாங்கும் நுழைவுச்சீட்டு அல்ல.

ஐயவாதி எழுதியது:

முன்னறிவிப்போடு நிற்கும் கேமராவை நான் எதிர்க்கவில்லை. கேமரா நடப்பட்ட ஒவ்வொரு சாலையிலும் அதற்கு முந்தைய ஆண்டுகளின் விபத்துக் கணக்கையும், பலகைகள் கடைசியாகச் சோதிக்கப்பட்ட தேதியையும் பொதுவில் வைக்கட்டும். அதைச் செய்யாதவரை என் சந்தேகம் நீடிக்கும்.

நெடுவழி எழுதியது:

உங்கள் எல்லோருடைய பதிவுகளையும் படித்துவிட்டு ஞாயிறு காலை அந்தச் சாலையில் நடந்தே போனேன். சாலையின் தொடக்கத்தில் ஒரு பலகை நன்றாகவே நிற்கிறது. இரண்டாவது பலகை கிளைக்குள் புதைந்திருக்கிறது. ஓட்டுநரின் கண் உயரத்துக்குக் குனிந்து பார்த்தால் பதினைந்து அடி நெருங்கும்வரை எண் தெரியவில்லை. நான் ஏறிய குறுக்குத் தெருவின் முனையில் கம்பம் மட்டும் இருக்கிறது, தகடு இல்லை. ஆக, நான் ஏறிய இடத்திலிருந்து கேமரா வரைக்கும் படிக்கத்தக்க பலகை ஒன்றுகூட இல்லை. என் வாதம் சரியென்று உறுதியானதில் மகிழ்ச்சிதான்.

ஆனால் வேறொன்றையும் பார்த்தேன். வாசல் வைத்த கட்டடமே இல்லை என்று முதல் பதிவில் எழுதியிருந்தேன். அங்கே ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது. பலமுறை அவ்வழியே போயும் நான் கவனித்ததில்லை. நடுத்திட்டில் மக்கள் ஏறி இறங்கி மண் தேய்ந்த தடம் ஒன்றும் இருக்கிறது. நானே கடந்து பார்த்தேன். திட்டில் ஏற எனக்கு ஏழு விநாடி ஆனது. அதற்குள் தொலைவில் இருந்த வெள்ளைக் கார் எனக்கு மிக அருகில் வந்துவிட்டது.

தெருவிளக்கு எழுதியது:

மேல்முறையீடு செய்வதானால் படங்களை ஓட்டுநரின் கண் உயரத்திலிருந்து, தொலைவைக் குறித்து, பகலிலும் இரவிலும் எடுங்கள்; ஒளியைத் திருப்பும் படலம் தேய்ந்த பலகை பகலில் குறையில்லாமல் தெரியும், விளக்கொளியில் கறுத்துப் போயிருக்கும். வரம்பை அறிவித்த ஆணையின் எண், நாள், பலகை நடப்பட்ட பதிவு ஆகியவற்றையும் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய கார்கள் அனைத்திலும் வரம்பை அறிந்து எச்சரிக்கும் அமைப்பு கட்டாயம். பலகையைப் படித்தோ, வரைபடத்திலிருந்தோ அது எண்ணை எடுத்துக்கொள்கிறது. கிளை மறைத்த பலகையைக் காரில் உள்ள கேமராவாலும் படிக்க முடியாது என்பதை உங்கள் மனுவில் சேர்த்துக்கொள்ளலாம்.

நடைப்பயணி எழுதியது:

மேல்முறையீட்டில் வென்று உங்கள் அபராதம் ரத்தானால் எனக்கு வருத்தமில்லை. மனுவில் அந்த நிறுத்தத்தையும் மண் தேய்ந்த தடத்தையும் சேர்த்து எழுதுவீர்களா?

நெடுவழி எழுதியது:

எழுதிவிட்டேன். அபராத ரத்து, பலகைச் சீரமைப்பு, நிறுத்தத்தருகே பாதசாரிக் கடப்பு என்று மூன்று கோரிக்கைகள். மூன்றாவதைத் தனி மனுவாகத் தர வேண்டும் என்று முதல் பதிலிலேயே சொல்லிவிட்டார்கள், அதையும் தந்திருக்கிறேன். மற்ற இரண்டுக்கும் விடை வந்ததும் இங்கே பதிவிடுகிறேன். அதுவரை அந்தச் சாலையில் 40-க்குள்தான் போகிறேன். நேற்று எனக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தவருக்கு 40 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.